கண்ணுக்கு வரும் அழைப்பு

செல்போனின் முதுகில், கேமராவுக்குப் பக்கத்தில், மிளகளவு மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும். இருட்டில் படம் எடுப்பதற்காக வைத்த விளக்கு அது. கரண்ட் போனால் டார்ச்சாக எரிவது அதன் இரண்டாவது வேலை. மூன்றாவது வேலையைப் பலர் கவனித்ததில்லை: அழைப்பு வரும்போது விட்டுவிட்டு மின்னி, மணியோசை எட்டாத ஒருவரைக் கண் வழியாகக் கூப்பிடுவது. ஐபோனில் இந்த வசதி 2011இல் ஐஓஎஸ் 5 உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் சில நிறுவனங்கள் தங்கள் மாடல்களில் முன்பே கொடுத்திருந்தன. 2023இல் வெளியான ஆண்ட்ராய்டு 14, அதை அடிப்படை அமைப்பிலேயே சேர்த்துவிட்டது.

வசதியை இயக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இயக்கிய பிறகும் பல வீடுகளில் அது பயன்படாமலே கிடக்கிறது. காரணம் எளிமையானது. நாம் போனைத் திரை மேலே பார்க்கும்படி வைப்பவர்கள். அப்போது விளக்கு மேஜையோடு அழுந்திக் கிடக்கும். அழைப்பு வந்தால் அது கடமை தவறாமல் மின்னத்தான் செய்யும், மேஜைப் பலகையைப் பார்த்து. மணியை ஒளியாக மாற்றும்போது எதை இழக்கிறோம், இழந்ததை எப்படி ஈடுகட்டுவது என்று புரிந்துகொண்டால்தான் இந்த வசதி உருப்படியாக வேலை செய்யும். அந்தப் புரிதல் பாதி இயற்பியலிலும் பாதி கண்ணின் அமைப்பிலும் இருக்கிறது.

முதலில் காது. காதுக்கு இமை கிடையாது. தூங்கும்போதும் திறந்தே இருக்கும். முன்னால், பின்னால், மேலே, கீழே என எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒலியை வாங்கிக்கொள்ளும். ஒலியும் அதற்கேற்ற குணமுள்ளது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். அத்தனை நீளமான அலை கதவிடுக்கில் நுழைந்து, சுவரோரம் வளைந்து, கூடத்தில் அடிக்கும் மணியைக் கொல்லைப்புறம் வரை கொண்டுபோகும். ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுக்குள் இருக்கும் எந்தப் பொருளையும் அது சுற்றி வளைந்து வராது. நேர்க்கோட்டில் போகும், தடுத்தால் நிற்கும், வெளிறிய பரப்பில் பட்டால் சிதறித் திரும்பும். பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவ்வளவுதான். மணியை ஒளியாக மாற்றும்போது, 'எங்கிருந்தாலும் எட்டும்' என்ற குணத்தைப் பறிகொடுக்கிறோம். அதை அறையின் சுவர், கூரை, போன் நிற்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டுதான் மீட்க வேண்டும்.

இது யாருக்குத் தேவை? பிறவியிலேயே காது கேளாதவர்கள் உடனே நினைவுக்கு வருவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்றது. ஆனால் அதைவிடப் பெரிய கூட்டம் ஒன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. வயதானதால் காது மந்தமானவர்கள். "எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்கிறது, போன் அடித்தால் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார்" என்று வீட்டில் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர் பாசாங்கு செய்யவில்லை. உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. வாசலுக்கு அருகே இருப்பவை கீச்சென்ற மேல்சுருதி ஒலிகளையும், உள்ளே ஆழத்தில் இருப்பவை அடித்தொண்டை ஒலிகளையும் பிடிக்கும். வயதாகும்போது வாசல் பக்கத்துச் செல்களே முதலில் அழிகின்றன. மனிதரில் அவை மறுபடி முளைப்பதில்லை. பேச்சின் பெரும்பகுதி கீழ்ச்சுருதியில் இருப்பதால் ஒருவாறு கேட்கும், மீதியை வாயசைவு சொல்லிவிடும். போனின் சின்னஞ்சிறு ஸ்பீக்கருக்கோ ஆழ்ந்த கீழ்ச்சுருதியை வலுவாக எழுப்ப முடியாது. வழக்கமான ரிங்டோனில் ஓங்கி ஒலிப்பது மேல்சுருதி. அது அவருக்கு எட்டாத பகுதி. சத்தத்தை முழுசாகக் கூட்டினாலும், இல்லாமல் போன செல்களுக்கு அது போய்ச் சேராது.

ஒளியால் கூப்பிடும் யோசனை செல்போனைவிட மூத்தது. தொலைபேசி மணிக்கும் அழைப்பு மணிக்கும் விளக்கை இணைத்துக்கொள்வது காது கேளாதோர் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அமெரிக்காவில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர், பழைய டெலிபிரிண்டர் இயந்திரங்களைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவியை உருவாக்கினார். 1964இல் அவரும், காது கேளாத பல் மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸும் அதன் வழியாகத் தட்டச்சில் உரையாடினார்கள். அதன்பின் அத்தகைய கருவிகள் வீடுகளுக்குள் வந்தன, அழைப்பு வருவதை ஒரு விளக்கு மின்னித்தான் அறிவித்தது.

நம் பக்கத்துக்கு வந்தால், 2000களின் தொடக்கத்தில் செல்போன் கடைகளில் தொங்கிய மின்னும் ஸ்டிக்கர்களும் ஆன்டெனாக்களும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்பே அவை மினுங்கும். அதற்குப் பின்னால் இருந்தது நல்ல இயற்பியல். கோபுரம் கூப்பிட்டதும் போன் பதில் அனுப்பும். 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை ரேடியோ அலையை, வினாடிக்கு 217 துடிப்புகளாக வெட்டி வெட்டி அனுப்பியது. ஸ்டிக்கருக்குள் இருந்த கம்பிச்சுருள் அந்த அலையில் ஒரு துளியை மின்சாரமாக்கி விளக்கை எரித்தது. பக்கத்தில் ரேடியோ ஸ்பீக்கர் இருந்தால் 'டிட்டிட் டிட்டிட்' என்று கறகறத்ததும் அதே துடிப்புதான். 3ஜி, 4ஜி வந்தபோது உச்ச வலிமை கால் வாட் அளவுக்குச் சுருங்கியது, ஸ்டிக்கர்களும் அணைந்தன. சிறுவர்களின் ஆடம்பரம் என்று பலர் நினைத்த அந்தப் பொருளை நம்பியே அழைப்பைப் பார்த்த காது கேளாதவர்களும் இருந்திருப்பார்கள். போனின் முகப்பில் சிவப்பாகவோ நீலமாகவோ மினுங்கிய சிறு அறிவிப்பு விளக்குகளும் பிறகு வந்து, திரை முழு முகத்தையும் பிடித்துக்கொண்டபோது மறைந்தன. மிஞ்சியது முதுகிலிருக்கும் மஞ்சள் புள்ளி.

அது ஏன் மஞ்சள்? உள்ளே இருப்பது உண்மையில் நீல விளக்கு. இண்டியம் கேலியம் நைட்ரைடு படிகத்தில் மின்சாரம் பாயும்போது நீல ஒளி பிறக்கும். அதன்மேல் பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழும். இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். பழைய கேமராக்களிலும் நோக்கியா என்8 போன்ற சில போன்களிலும் இருந்த செனான் ஃபிளாஷ் இதைவிடப் பிரகாசமானது. ஆனால் ஒரு முறை வெட்டியபின் அடுத்ததற்கு மின்தேக்கி சில வினாடிகள் நிரம்ப வேண்டும். எல்இடிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மின்சாரத்தை விட்டால் எரியும், நிறுத்தினால் அந்தக் கணமே அணையும். விட்டுவிட்டு மின்னும் அறிவிப்பு சாத்தியமானது இதனால்தான்.

இனி வசதியை இயக்கும் வழி. ஐபோனில் செட்டிங்ஸ் போய், ஆக்சஸிபிலிட்டியைத் திறந்து, அதற்குள் ஆடியோ அண்ட் விஷுவல் என்ற பகுதிக்குப் போனால் எல்இடி ஃபிளாஷ் ஃபார் அலர்ட்ஸ் என்ற சுவிட்ச் இருக்கும். புதிய பதிப்புகளில் பெயர் சற்று மாறியிருக்கலாம். அதை இயக்கியதும் இரண்டு துணைச் சுவிட்சுகள் தெரியும். ஒன்று, போன் பூட்டப்படாமல் இருக்கும்போதும் மின்ன வேண்டுமா என்று கேட்பது. மற்றது, சைலண்ட் நிலையிலும் மின்ன வேண்டுமா என்று கேட்பது. காது கேளாதவரின் போன் பெரும்பாலும் சைலண்டிலேயே இருக்கும் என்பதால் இரண்டாவதை மறக்காமல் போட வேண்டும். ஆண்ட்ராய்டு 14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புள்ள போன்களில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன்ஸ். சாம்சங்கில் ஆக்சஸிபிலிட்டிக்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று இன்னொரு படி இறங்க வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் இதை அழைப்புகளுக்கான செட்டிங்ஸில் ஒளித்து வைத்திருக்கின்றன. தேடி அலைவதைவிட, செட்டிங்ஸின் உச்சியிலிருக்கும் தேடல் பெட்டியில் ஃபிளாஷ் என்று ஆங்கிலத்தில் தட்டுவதே சுருக்க வழி.

ஆண்ட்ராய்டில் இரண்டு தேர்வுகள் இருக்கும்: கேமரா ஃபிளாஷ், ஸ்கிரீன் ஃபிளாஷ். முதலாவது முதுகு விளக்கு. இரண்டாவது, திரை முழுவதும் நாம் தேர்ந்தெடுத்த நிறத்தில் ஒளிர்வது. இரண்டையும் போட்டுவிடுங்கள். போன் எந்தப் பக்கமாகக் கிடந்தாலும் ஒன்றாவது வெளியே தெரியும்.

இப்போது அறைக்குள் வருவோம். இந்த வசதியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. போன் விளக்கு சுமார் 40 லுமென் ஒளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மாட்டும் 9 வாட் எல்இடி பல்பு தருவது ஏறக்குறைய 900 லுமென். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். போனைக் குப்புற வைத்திருக்கிறோம், விளக்கு கூரையைப் பார்க்கிறது. வெள்ளையடித்த கூரை தன்மேல் பட்டதில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்றால், அறை முழுக்கப் பரவும் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 3 லுமென், அதாவது 3 லக்ஸ் அளவுக்குத் தேறும். ட்யூப்லைட் எரியும் அறையில் ஏற்கெனவே 100, 150 லக்ஸ் இருக்கும். அதில் 3 லக்ஸ் கூடுவது இரண்டு அல்லது மூன்று சதவீத மாற்றம்.

மனிதக் கண் வெளிச்சத்தை அப்படியே அளப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டு, எத்தனை பங்கு கூடியது என்றுதான் பார்க்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் புலன்களைப் பற்றிக் கண்ட விதி இது. நல்ல வெளிச்சத்தில் கண் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய மாற்றம் ஓரிரு சதவீதம். நம் 3 லக்ஸ் அந்த எல்லைக் கோட்டிலேயே தள்ளாடுகிறது. ஜன்னல் திறந்த பகல் அறையில் அது முழுகியே போகும். ஆனால் இரவில் ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியும்போது அறையில் இருப்பதே ஒரு லக்ஸுக்குக் கீழே. அங்கே 3 லக்ஸ் என்பது வெளிச்சம் பல மடங்காவது. கூரையே மின்னல் வெட்டியது போலாகும். திரும்பிப் படுத்திருப்பவரும் சுவரில் அதைப் பார்ப்பார்.

பகலுக்கு வேறு உத்தி வேண்டும். கூரையில் சிதறவிடாமல், விளக்கை ஆளின் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டும். ஒளி முழுவதும் சில சதுர மில்லிமீட்டர் புள்ளியிலிருந்து கிளம்புவதால், நேரே பார்க்கும்போது அந்தப் புள்ளி பக்கத்துச் சுவரைவிடப் பல்லாயிரம் மடங்கு பளிச்சிடும். அறை வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் தெரியும். ஆகவே பகலில், ஒருவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி போனின் முதுகை நிறுத்த வேண்டும். ஒரு ஸ்டாண்டில், அலமாரித் தட்டில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். ஒரு மீட்டரில் இருப்பதை மூன்று மீட்டருக்குத் தள்ளினால் கண்ணுக்கு வரும் ஒளி ஒன்பதில் ஒரு பங்காகிவிடும் என்பதால் தூரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் போனைக் குப்புறப் போட்டு கூரையைப் பார்க்கவிட வேண்டும். சுவரும் கூரையும் அடர்ந்த நிறத்தில் இருந்தால், விளக்குக்கு எதிரே ஒரு வெள்ளை அட்டையை ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். போன் உறை விளக்கை மறைக்கிறதா என்பதையும் பாருங்கள். நாள்பட்ட உறையில் அந்தத் துளையில் தூசி அடைந்திருக்கும், பருத்தித் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும்.

இந்தக் கணக்கு எதுவும் போடாமலே இதைக் கண்டுபிடித்து வைத்திருந்த ஒருவரைப் பல்லடம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பார்த்தேன். தறிகள் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. அவருடைய போன் ஜன்னல் திட்டில், திரை சுவரைப் பார்க்க, முதுகு அவரைப் பார்க்க, செங்குத்தாகச் சாய்ந்து நின்றது. கூடத்துக்கு வெளியே வந்தபிறகு கேட்டேன்.

"என்னங்கண்ணா, போனைத் திருப்பி வெச்சிருக்கீங்க?"

"தறி ஓடறப்ப மணி எங்கீங்க கேக்குது? ஊட்ல இருந்து கூப்டா அந்த லைட்டு வெட்டுமுங்க. பாவு இழை அறுந்துச்சான்னு பாக்கற கண்ணு அதையும் பாத்துக்கும். கேமரா இருக்கற பக்கம் நம்மளப் பாத்து இருக்கோணுமுங்க. இல்லீன்னா பிரயோசனமில்லீங்க."

அவருக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. அந்த இரைச்சலில் இன்னும் எத்தனை ஆண்டு அப்படி இருக்கும் என்பது வேறு கவலை. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்று நம் விதிகள் சொல்கின்றன. சிறு தறிக்கூடங்களில் அதை அளந்து பார்ப்பவர் யார்?

அவர் சொன்னதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஓரத்தில் மின்னுவதையும் பிடித்துவிடுகிறது. விழித்திரையின் நடுப்பகுதி எழுத்து படிக்கவும் ஊசி கோக்கவும் ஆனது. ஓரப் பகுதியால் படிக்க முடியாது, ஆனால் அசைவும் மினுக்கமும் அங்கே உடனே உறைக்கும். மங்கலில் வேலை செய்யும் கோல் செல்கள், ஒரு கண்ணில் சுமார் 12 கோடி, நடுவிலிருந்து ஏறக்குறைய 20 பாகை விலகிய இடத்தில்தான் மிக நெருக்கமாக இருக்கின்றன. பிறவியிலேயே காது கேளாதவர்களுக்கு இந்த ஓரப் பார்வையின் கவனம் மற்றவர்களைவிடக் கூர்மை என்பதை ஹெலன் நெவில், டாப்னி பவலியே ஆகியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒலிக்கென்று மூளையில் ஒதுக்கப்பட்ட பகுதியின் ஒரு பங்கு பார்வைக்குக் கைகொடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே போன் நேர் எதிரே இருந்தாக வேண்டும் என்பதில்லை. பக்கவாட்டில் இருக்கலாம், முதுகுக்குப் பின்னால் மட்டும் இருக்கக் கூடாது.

முதியவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு. வயதானால் கண் பாப்பா சுருங்குகிறது, வில்லை பழுப்பேறுகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போன ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறது. காது மந்தமாகும் அதே வயதில் கண்ணும் மங்குவதால், நமக்குப் போதுமென்று தோன்றும் மின்னலை வைத்து அவருக்கும் போதும் என்று முடிவு செய்யக் கூடாது. அவரை அவர் இடத்தில் உட்காரவைத்து, இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டு, காலையிலும் உச்சிவெயிலிலும் விளக்கு வைத்தபின்னும் சோதித்துப் பார்க்க வேண்டும். கண்புரை இருப்பவருக்கு நேர் ஒளி கூசும். அவருக்குச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே நல்லது.

மின்னலின் நீளமும் முக்கியம். கலங்கரை விளக்கம் கட்டியவர்கள் நூறாண்டுக்கு முன்பே இதில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கண் ஒளியைச் சிறிது நேரம் சேர்த்துவைத்துத்தான் உணர்கிறது. மிகக் குறுகிய மின்னல், அதே வலிமையில் விடாமல் எரியும் விளக்கைவிட மங்கலாகவே தெரியும். 1911இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆந்த்ரே புளோந்தெல், ழான் ரே இருவரும் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். தொலைவில் மங்கித் தெரியும் விளக்குக்கு அது சொல்வது இதுதான்: 0.1 வினாடி மின்னினால், விடாமல் எரியும் விளக்கின் மூன்றில் ஒரு பங்கு வலிமைதான் கண்ணுக்குத் தோன்றும். 0.2 வினாடிக்குப் பாதி. அரை வினாடி எரிந்தால் 70 சதவீதம். அதற்காக நீட்டிக்கொண்டே போனால் அது மின்னலாகவே இருக்காது, கண் அதற்குப் பழகிவிடும்.

மறுபக்கம், வேகமாக மின்னவிட்டால் ஆபத்து. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 முறை மாறி மாறி ஒளிர்ந்தன. அதைப் பார்த்த சுமார் 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பும் மயக்கமும் தலைசுற்றலுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு ஒளி மினுக்கத்தால் வலிப்பு தூண்டப்படும் தன்மை இருக்கிறது. குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும் இது கூடுதல். இணையதளங்களுக்கான அணுகல் விதிகள், எதுவும் ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று வகுத்திருப்பது இதற்காகத்தான். அமெரிக்கத் தீயெச்சரிக்கை விளக்குகள் வினாடிக்கு ஒன்று முதல் இரண்டு முறைதான் வெட்டும். ஆண்ட்ராய்டும் ஒளிக்கூச்சம் உள்ளவர்கள் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கிறது. போனோடு வந்த வசதியே போதுமானது. விதவிதமான வேகத்தில் மின்ன வைப்பதாகச் சொல்லும் தனிச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் வலிப்பு உள்ளவர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதை இயக்க வேண்டாம்.

தூங்குபவரை எழுப்ப இது போதுமா? போதாது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூடிய இமை நீலத்தையும் பச்சையையும் ஏறக்குறைய முழுவதும் தடுத்து, சிவப்பில் மட்டும் சிறு பங்கை உள்ளே விடுகிறது. ஆஸ்திரேலியாவின் டோரதி புரூக், இயன் தாமஸ் இருவரும் 2007இல் காது மந்தமானவர்களைத் தூங்கவைத்து, தீயெச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்தார்கள். போன் விளக்கைவிடப் பன்மடங்கு வலுவான வெட்டொளி பத்தில் மூன்று பேரைக்கூட எழுப்பவில்லை. படுக்கைக்கு அடியில் அதிரும் கருவி பெரும்பாலோரை எழுப்பியது. 520 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதி ஒலி பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டவர்களை எழுப்பியது. மேல்சுருதிச் செல்கள் போனாலும் கீழ்ச்சுருதிச் செல்கள் மிச்சம் இருப்பதுதான் காரணம். ஆகவே ஓரளவு கேட்கும் முதியவருக்கு, கீச்சிடும் ரிங்டோனை மாற்றித் தாழ்ந்த சுருதியுள்ள ஒன்றை வைப்பதும் ஒளியோடு சேர்க்க வேண்டிய உத்திதான். அறவே கேளாதவருக்கு அதிரும் கைக்கடிகாரம் நல்ல துணை. மெத்தைமேல் கிடக்கும் போனின் அதிர்வைப் பஞ்சு விழுங்கிவிடும்.

அழைப்பு மட்டுமல்ல, வீட்டின் மற்ற ஓசைகளையும் ஒளியாக்கலாம். 2020இல் ஐபோனில் சவுண்ட் ரெகக்னிஷன், ஆண்ட்ராய்டில் சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று இரண்டும் ஒரே ஆண்டில் வந்தன. குழந்தை அழுகை, கதவு தட்டல், திறந்துவிட்ட குழாய், புகை எச்சரிக்கை போன்றவற்றை மைக் கேட்கும். ஒலியை நேரம் ஒரு பக்கம், சுருதி ஒரு பக்கம் என்று ஒரு படமாக வரைந்து, அந்தப் படத்தை ஒரு சிறு நரம்பு வலையமைப்பு அடையாளம் காணும். போனுக்குள்ளேயே நடக்கும் வேலை, ஒலி வெளியே போவதில்லை. பின்னால் வந்த பதிப்புகளில் நம் வீட்டு ஓசையை நாமே பதிந்து கற்றுக்கொடுக்கவும் முடிகிறது. எங்கள் பெரியம்மாவின் போனுக்குக் குக்கர் விசிலைக் கற்றுக்கொடுத்தோம். முதல் விசிலிலேயே கூடத்தில் திரை ஒளிர்ந்தது. "அடுப்படியில அது கத்துனா எனக்கு இங்க தெரியுதே!" என்றார். தாளிக்கும் சத்தத்தையும் சிலசமயம் விசில் என்று சொல்லிவிடுகிறது. அதை அவர் பொருட்படுத்தவில்லை, எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். ஆனால் உயிருக்கு ஆபத்தான சூழலில் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. கேஸ் கசிவுக்கும் தீக்கும் தனிக் கருவிகள்தான் சரி.

ஃபிளாஷ் மின்னினால் சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். கணக்குப் பார்க்கலாம். விளக்கு 200 மில்லிஆம்பியர் இழுக்கிறது, பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருக்கிறது, அழைப்பு 30 வினாடி ஒலிக்கிறது என்றால், செலவு 1 மில்லிஆம்பியர்-மணிக்கும் குறைவு. 5000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் அது தூசு. சார்ஜ் மிகவும் இறங்கிவிட்டால் பல போன்கள் ஃபிளாஷையே நிறுத்திவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அந்த 30 வினாடி நான் இஷ்டத்துக்குப் போட்ட எண் அல்ல. 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், செல்போனுக்கு வரும் அழைப்பு 30 வினாடியும் லேண்ட்லைனுக்கு வருவது 60 வினாடியும் ஒலிக்க வேண்டும் என்று நிர்ணயித்தது. காது கேட்பவருக்கு 30 வினாடி தாராளம். ஒலிக்கு மனிதர் ஒளியைவிடச் சற்று விரைவாகவே எதிர்வினை செய்கிறார், அதுவும் எந்த அறையில் இருந்தாலும். ஒளியை நம்பியிருப்பவர் முதலில் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பிறகு எழ வேண்டும், மூட்டுவலியோடு நடந்து வர வேண்டும். வந்து எடுப்பதற்குள் மின்னல் நின்றுவிடுகிறது. லேண்ட்லைனுக்கு 60 வினாடி கொடுத்ததே, எழுந்து போய் எடுக்க வேண்டியிருக்கும் என்று யாரோ யோசித்ததால்தான் இருக்கும். அதே யோசனையை, செவித்திறன் குறைந்தவர் என்று சான்றோடு விண்ணப்பிப்பவரின் செல்போன் எண்ணுக்கும் நீட்டலாம். அதற்குப் புதுக் கருவி வேண்டாம், புதுக் கோபுரம் வேண்டாம். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மென்பொருளில், அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் 30ஐ 60 ஆக மாற்ற வேண்டும். அதுவரை, இப்படி ஒளியால் அழைப்பைப் பார்ப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதல் அழைப்பு நின்றதும் இன்னொரு முறை கூப்பிடுங்கள்.